நெட்பேங்கிங்குக்கு எந்த இயங்குதளம்?

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரி 6ஆம் தேதி மாலை ஒரு பிரிண்டர் வேலை செய்யவில்லை. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த பிரிண்டர் அது. அனுப்பிய உத்தரவுகளுக்கு மறுமுனையிலிருந்து வரும் ஒப்புகை அதில்தான் அச்சாகும். மறுநாள் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று உத்தரவுகள் அதன் பெயரிலேயே போயிருந்தது தெரிந்தது. துபாய், துருக்கி, சீனா என மூன்று திசைகளுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். பிரிண்டர் தானாகக் கெடவில்லை. உள்ளே புகுந்தவர்கள் அதை முடக்கியிருந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியின் 8.1 கோடி டாலர் பறிபோனபோதும் ஸ்விஃப்ட் பிரிண்டரைத்தான் முதலில் வாயடைத்தார்கள்.

இரண்டு இடத்திலும் யாரும் பெட்டகத்தைத் தொடவில்லை. ஊழியர்கள் எந்தக் கணினியின் பேச்சை நம்பினார்களோ, அந்தக் கணினியைத் தம் வசமாக்கிக்கொண்டார்கள். கண்காணிப்பும் தணிக்கையும் உள்ள வங்கிக்கே இது நேர்ந்ததென்றால், வீட்டு மேசையில் இருக்கும் மடிக்கணினியைப் பற்றி நாம் இன்னும் கவலையோடு கேட்க வேண்டும். பணம் அனுப்பும் நேரத்தில் அது நமக்காக வேலை செய்கிறதா, வேறு யாருக்காகவாவது வேலை செய்கிறதா?

"பேங்க் வேலைக்கு விண்டோஸ் நல்லதா, லினக்ஸ் நல்லதா?" என்று கேட்பவர்கள் பதிலாக ஒரு பெயரை எதிர்பார்க்கிறார்கள். பெயரும் முக்கியம்தான். ஆனால் அந்தக் கணினியில் வேறு என்னென்ன செய்கிறோம் என்பதும், அதற்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்பதும் பெயரைவிட முக்கியம். வங்கி வேலைக்கு மட்டும் ஒதுக்கி, அப்டேட் விடாமல் போட்டுவரும் பழைய மடிக்கணினி, வீடே சேர்ந்து புழங்கும் புத்தம்புதிய கணினியைவிடப் பாதுகாப்பானது. இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குத் திருட்டு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

2007இல் கண்டறியப்பட்ட ஸியூஸ் என்ற மால்வேர்தான் இந்தத் தொழிலுக்கு இலக்கணம் வகுத்தது. கோவையிலிருந்து மதுரையில் இருக்கும் தங்கைக்கு 20,000 ரூபாய் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். வங்கியின் உண்மையான தளம், முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி, நீங்களே தட்டச்சு செய்த கணக்கு எண். 'அனுப்பு' பொத்தானை அழுத்தியதும், பிரௌசருக்குள் உட்கார்ந்திருக்கும் நிரல் கணக்கு எண்ணையும் தொகையையும் மாற்றுகிறது. அதற்குப் பிறகுதான் செய்தி மறையாக்கம் ஆகி வங்கிக்குப் போகிறது. பூட்டுக் குறி காப்பது பிரௌசருக்கும் வங்கிக்கும் இடைப்பட்ட வழியை மட்டும். பிரௌசருக்கு உள்ளே நடப்பதை அது அறியாது. வங்கி திருப்பி அனுப்பும் ஒப்புகைப் பக்கத்தையும் அதே நிரல் திருத்தித்தான் உங்களுக்குக் காட்டும். திரையில் தங்கை பெயர், 20,000. ஸியூஸுக்குப் பின் வந்த ஸ்பைஐ இன்னும் ஒரு படி போனது. திருடிய தொகையைக் கணக்குப் பட்டியலிலிருந்து மறைத்து, பழைய இருப்பையே காட்டிக்கொண்டிருந்தது. கணக்கைத் தினமும் பார்ப்பவர்கூட நாட்கணக்கில் ஏமாந்திருக்க முடியும்.

கடினமான பாஸ்வேர்டு இந்தத் திருட்டைத் தடுக்காது. நீங்கள்தான் முறைப்படி உள்ளே நுழைகிறீர்கள். திருடன் உங்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறான். அதனால்தான் பாஸ்வேர்டைத் தாண்டி இயங்குதளத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. எந்த நிரல் ஓடலாம், ஓடும் நிரல் இன்னொரு நிரலின் நினைவகத்தில் கைவைக்கலாமா, கணினியை அணைத்துப் போட்ட பிறகும் அது உயிரோடு இருக்குமா என்பதையெல்லாம் முடிவு செய்வது இயங்குதளம்தான்.

அமெரிக்காவில் இதன் அடி முதலில் சிறு நிறுவனங்கள்மீது விழுந்தது. 2010 அக்டோபரில் எஃப்பிஐ அம்பலப்படுத்திய ஸியூஸ் கும்பல் 7 கோடி டாலர் திருடியிருந்தது. பறிகொடுத்தவர்களில் சிறு, நடுத்தர நிறுவனங்கள், நகராட்சிகள், தேவாலயங்கள் இருந்தன. தனிநபர் கணக்குக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு அங்கே நிறுவனக் கணக்குக்கு இல்லை என்பதால் இழப்பைப் பெரும்பாலும் அவர்களே சுமந்தார்கள். அந்த நாட்களில்தான் ஒரு துணிச்சலான யோசனை பரவியது. 2009இல் வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதிக்கொண்டிருந்த பிரையன் கிரெப்ஸ், வங்கி வேலைக்கு விண்டோஸையே திறக்காதீர்கள், லினக்ஸ் உள்ள லைவ் சிடியைப் போட்டுக் கணினியைத் தொடங்குங்கள் என்று எழுதினார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காவல்துறையின் கணினிக் குற்றப் பிரிவு அதிகாரி ஒருவரும் விசாரணைக் குழு முன் இதையே சொன்னார். அமெரிக்க வங்கியாளர் சங்கம் சிறு வணிகர்களுக்குச் சொன்னது இன்னும் எளிது: வங்கிக்கென்று ஒரு கணினியைத் தனியே வையுங்கள், அதில் மின்னஞ்சலும் பார்க்க வேண்டாம், இணையமும் உலாவ வேண்டாம். அமெரிக்க விமானப்படையின் ஆய்வகமும் தன் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க, சிடியிலிருந்தே ஓடும் ஒரு லினக்ஸைத் தயாரித்தது.

லைவ் சிடியின் பலம், அதற்கு நினைவு கிடையாது என்பது. ஒவ்வொரு முறையும் அச்சிட்ட அதே நிலையிலிருந்து எழும். ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸோடு குடியிருக்கும் வைரஸ் அங்கே விழித்துக்கொள்ளாது. பலவீனமும் அதுதான். சிடியில் பதிந்த பிரௌசர் சில மாதங்களில் பழசாகிவிடும். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அதில் அப்படியே நிற்கும். இன்று பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி வைத்துக்கொண்டு "இதுதான் பாதுகாப்பு" என்று இரண்டு வருடம் அதையே செருகுபவர்கள் யோசனையின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக எழுதினால்தான் அதற்கு மதிப்பு.

விண்டோஸுக்கு வருவோம். எக்ஸ்பி காலத்து நினைவை வைத்துக்கொண்டு இன்றைய விண்டோஸை எடைபோடுவது நியாயமில்லை. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், கணினி எழும்போதே நிரல்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் உள்ள கணினிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. கூடவே வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதுமானது. காசு கொடுத்து இன்னொரு ஆன்டிவைரஸ் வாங்கத் தேவையில்லை என்பதே என் கருத்து.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. தனிப்பயனர்கள் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஓராண்டு நீட்டிப்பு, அவ்வளவுதான். 2017க்கு முந்திய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்கான தகுதிப் பட்டியலிலேயே இல்லை. அப்டேட் நின்ற கணினி அன்றைக்கே கெட்டுப்போய்விடாது. முந்தைய நாள் போலவே நன்றாக ஓடும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை எந்த ஓட்டை வழியாகப் புகுந்ததோ, அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். இந்தப் பாடத்தைக் கற்க வங்கிகளுக்கே காலம் பிடித்தது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தும் நம் ஏடிஎம்கள் பலவற்றில் அது ஓடிக்கொண்டிருந்தது. காலாவதியான இயங்குதளங்களை மாற்றியே தீர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் கெடு விதித்து, 2019 ஜூனுக்குள் முடிக்கச் சொன்னது.

இதைவிட எனக்குக் கவலை தருவது திருட்டு விண்டோஸ். சர்வீஸ் கடையில் "விண்டோஸ் போட்டுக் கொடுங்க" என்றால், பல இடங்களில் உரிமம் வாங்காத பிரதியை ஏற்றி, 'ஆக்டிவேட்டர்' என்ற நிரலை ஓட்டித் தருகிறார்கள். அந்த ஆக்டிவேட்டர் ஓடுவதற்கு டிஃபெண்டரை அணைக்க வேண்டும். உயர் அனுமதியும் தர வேண்டும். இணையத்தில் சுற்றும் ஆக்டிவேட்டர்களில் பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் ஒட்டிக்கொண்டு வருவது பலமுறை நிரூபணமான உண்மை. அப்படிப் போட்ட கணினியில் வாழ்நாள் சேமிப்பைத் திறப்பது தெரிந்தே எடுக்கும் ஆபத்து. உரிமம் வாங்கப் பணமில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு நேர்மையான மாற்று லினக்ஸ். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மேக் பயனர்களுக்கு ஒரே வார்த்தை. "மேக்கில் வைரஸ் வராது" என்பது 2012இலேயே பொய்த்தது. ஜாவா ஓட்டை வழியாக ஃபிளாஷ்பேக் என்ற மால்வேர் ஏறத்தாழ 6 லட்சம் மேக்குகளில் புகுந்தது. 2023 முதல் அட்டாமிக் ஸ்டீலர் என்ற பாஸ்வேர்டு திருடும் நிரல் டெலிகிராமில் மாத வாடகைக்கே விற்கப்படுகிறது. அடித்தளம் நல்லது, அப்டேட்டும் ஒழுங்காக வருகிறது. கண்ட இடத்தில் மென்பொருள் இறக்காதவர்களுக்கு மேக் போதும்.

லினக்ஸைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாட்டுக்குச் சொந்தமான ஒரு கதை உண்டு. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே ஏற்றித் தரப்பட்டது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. சென்னையில்தான் அதன் வேலை நடந்தது. தொடங்கும்போது எதில் போவது என்று கணினியே கேட்கும். லட்சக்கணக்கான வீடுகளில் இரண்டாவது வழி ஒன்று காசில்லாமல் வந்து நின்றது. பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இடம் வேண்டுமென்று அழித்தவர்களும் உண்டு. சினிமாவும் விளையாட்டும் விண்டோஸில், வங்கி மட்டும் பாஸில் என்று அன்றைக்கே யாராவது அந்த மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் என்று இன்றும் ஏங்குகிறேன்.

லினக்ஸ் ஏன் மேல்? அதற்கென்று எழுதப்படும் வங்கி மால்வேர் மிகக் குறைவு. 2013இல் ஹேண்ட் ஆஃப் தீஃப் என்ற பெயரில் லினக்ஸுக்கான வங்கித் திருட்டு நிரல் ஒன்று 2,000 டாலருக்கு விலை பேசப்பட்டது. ஆராய்ந்தவர்கள் அது சரிவர வேலையே செய்யவில்லை என்றார்கள். இன்னொரு காரணம், மென்பொருள் வந்து சேரும் வழி. லினக்ஸில் தேவையானதை, உபுண்டு, டெபியன் என்று நாம் எந்த லினக்ஸ் தொகுப்பைப் பயன்படுத்துகிறோமோ அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே நிறுவுகிறோம்; கையொப்பம் சரிபார்த்துத்தான் உள்ளே விடும். பெயர் தெரியாத தளத்தில் செட்அப் கோப்பை இறக்கி இரட்டைச் சொடுக்கு சொடுக்கும் பழக்கமே தேவைப்படாது. நோய் பெரும்பாலும் வருவது அந்தப் பழக்கத்தின் வழியாகத்தான்.

ஆனால் "லினக்ஸில் ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும் உங்கள் கோப்புகளையும் பிரௌசரின் குக்கிகளையும் படிக்கலாம். அதற்கு ரூட் அதிகாரம் தேவையில்லை. பழைய எக்ஸ்11 திரை முறையில் ஒரு சாளரத்தில் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் இன்னொரு நிரல் எளிதாக ஒட்டுக்கேட்க முடியும். வேலண்ட் என்ற புதிய முறையில் அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. உபுண்டு, ஃபெடோரா இரண்டிலும் இப்போது வேலண்ட்தான் இயல்பு. தொகுப்பை எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்து, பின்வாசல் வைத்த கோப்பைத் தரவிறக்கத்துக்கு வைத்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சின்னஞ்சிறு சுருக்க நிரலில் பின்வாசல் ஒளிந்திருந்ததை ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்ற சந்தேகம்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. சோதனைப் பதிப்புகளோடு அது பிடிபட்டது. நிலையான டெபியனுக்குள் வரவில்லை. எனவே வங்கி வேலைக்கு டெபியன் நிலைப் பதிப்பு, ஐந்தாண்டு ஆதரவுள்ள உபுண்டு எல்டிஎஸ், அதன்மேல் கட்டிய மின்ட் ஆகியவற்றில் ஒன்று போதும். நான்கு பேர் சேர்ந்து வீட்டில் செய்த அழகான தொகுப்பு எதுவும் வேண்டாம்.

நடைமுறை இடைஞ்சல் ஒன்று உண்டு. ஜிஎஸ்டி, வருமானவரி, சில வங்கிகளின் நிறுவனக் கணக்குகள் ஆகியவற்றுக்கு யுஎஸ்பி டோக்கனில் வரும் டிஜிட்டல் கையொப்பம் தேவைப்படும். அதை லினக்ஸில் இயங்க வைப்பது முடியாத காரியமில்லை, ஆனால் ஆடிட்டர் அலுவலகத்தில் யாருக்கும் அதற்குப் பொறுமை இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு, அந்த வேலைக்கு மட்டும் ஒதுக்கிய உரிமமுள்ள விண்டோஸ் 11தான் நடைமுறைக்கு ஒத்த வழி.

பெற்றோருக்கு, ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு எது என்று கேட்டால் என் பதில் குரோம்புக். 2011இல் அறிமுகமான குரோம்ஓஎஸ்ஸின் கட்டுமானம் இந்த வேலைக்கென்றே செய்தது போன்றது. கணினி எழும்போது தன் ஒவ்வொரு பகுதியையும் தானே சரிபார்க்கும். மாறியிருந்தால் நல்ல பிரதிக்குத் திரும்பும். இயங்குதளப் பகுதியில் எதுவும் எழுத முடியாது. விண்டோஸுக்கான எக்ஸ்இ கோப்பை எத்தனை முறை சொடுக்கினாலும் ஓடாது. அப்டேட் பின்னணியில் இறங்கி, அடுத்த முறை திறக்கும்போது தானாக வந்துவிடும். யாரும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்தாண்டு அப்டேட் உண்டு. பழையதை வாங்குபவர்கள் அந்தக் கடைசித் தேதியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய விண்டோஸ் மடிக்கணினியிலேயே ஏற்றிக்கொள்ளும் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் 2022 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அசல் குரோம்புக்கில் உள்ள பாதுகாப்புச் சில்லு அதில் இருக்காது. இருந்தும் காலாவதியான விண்டோஸைவிடப் பல மடங்கு மேல். இதில் மிச்சமிருக்கும் வாசல் எக்ஸ்டென்ஷன்கள். கூப்பன் தேடித் தருகிறேன், வீடியோ இறக்கித் தருகிறேன் என்று வரும் எக்ஸ்டென்ஷன், நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படித்து மாற்றும் அனுமதியைக் கேட்கும். ஸியூஸ் திருடிப் பெற்ற இடத்தை நாமே இதற்குக் கையில் கொடுக்கிறோம். 'விருந்தினர்' முறையில் நுழைந்தால் எந்த எக்ஸ்டென்ஷனும் இல்லாத வெறும் பிரௌசர் கிடைக்கும். வங்கிக்கு அதுவே உத்தமம்.

பாதுகாப்புக்குப் பேர்போன வேறு இரண்டு இயங்குதளங்களைப் பற்றியும் கேட்பார்கள். டெயில்ஸ் எல்லாவற்றையும் டோர் வலையமைப்பு வழியாக அனுப்பும். திருச்சியில் உட்கார்ந்திருப்பவர் ஜெர்மனியிலிருந்து நுழைவதாக வங்கிக்குத் தெரியும், கணக்கு முடங்கும். அது பத்திரிகையாளருக்கு நல்லது, நெட்பேங்கிங்குக்கு இல்லை. கியூப்ஸ் ஒவ்வொரு வேலையையும் தனித்தனி மெய்நிகர் கணினியில் அடைத்து வைக்கிறது. நான் மேலே சொன்ன பிரித்து வைக்கும் கொள்கையின் முழு வடிவம் அது. தொழில்நுட்பம் தெரிந்து, 16 ஜிபி நினைவகமுள்ள கணினியும் வைத்திருப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

இதுவரை பேசியது கணினி. 2016இல் யுபிஐ வந்த பிறகு நம்மில் பெரும்பாலோருக்கு வங்கி என்பதே கைப்பேசிதான். திருடர்களும் அங்கேதான் குடிபெயர்ந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2012இல் வெளிப்பட்ட யூரோகிராபர் கும்பல் கணினியில் ஒரு நிரலும் கைப்பேசியில் ஒரு நிரலும் வைத்து, குறுஞ்செய்தியில் வரும் ஒப்புதல் எண்ணையும் பறித்து, 30,000 பேரிடமிருந்து 3.6 கோடி யூரோ திருடியது. இங்கே கணினிப் பாதியே தேவைப்படுவதில்லை.

ராத்திரி எட்டரை மணிக்கு உறவினர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வருகிறது. கோப்பின் பெயருக்குக் கடைசியில் பிடிஎஃப் இருக்க வேண்டிய இடத்தில் ஏபிகே. தொட்டதும் "இந்த மூலத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா?" என்று ஆன்ட்ராய்டு கேட்கிறது. பத்திரிகையைப் பார்க்கும் ஆவலில் ஆம் என்கிறோம். அடுத்து எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிறது, அதற்கும் ஆம். பத்திரிகை திறக்கவில்லை, ஐகானையும் காணோம், ஏதோ பழுது என்று போனைக் கீழே வைக்கிறோம். அந்த நொடியிலிருந்து வரும் ஒவ்வொரு ஓடிபியும் இன்னொரு இடத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. போக்குவரத்து அபராதச் சலான், பிஎம் கிசான், மின்கட்டணம் என்று இதே கோப்பு பல பெயர்களில் சுற்றுகிறது. வருமானவரி ரீஃபண்ட் தருவதாக வந்த டிரினிக் செயலி 27 வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைக்கிறது என்று இந்திய அரசின் செர்ட்-இன் 2021 செப்டம்பரில் எச்சரித்தது. மறு ஆண்டு சோவா என்ற இன்னொன்றைப் பற்றி எச்சரித்தது. இவை கேட்கும் அனுமதிகளில் மிகக் கொடியது 'அணுகல்தன்மை'. பார்வையற்றவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்லவும் அவர்கள் சார்பில் பொத்தானை அழுத்தவும் செய்யப்பட்ட நல்ல வசதி அது. திருட்டுச் செயலி கையில் கிடைத்தால், உங்கள் விரல் இல்லாமலேயே வங்கிச் செயலியை இயக்கும். வெளியிலிருந்து நிறுவிய செயலிக்கு அந்த அனுமதியை எளிதில் தரவிடாமல் ஆன்ட்ராய்டு 13 ஒரு தடை வைத்தது. பழைய ஆன்ட்ராய்டில் அந்தத் தடை கிடையாது.

ஐபோனில் இப்படி வெளியிலிருந்து ஏபிகே நிறுவ வழியில்லை. ஒரு செயலி இன்னொன்றின் குறுஞ்செய்தியையும் படிக்க முடியாது. 2024இல் தாய்லாந்தில் கோல்ட்பிக்காக்ஸ் என்ற திருட்டுச் செயலி ஐபோனுக்குள்ளும் நுழைந்தது உண்மை. ஆனால் நிறுவனங்கள் பயன்படுத்தும் நிர்வாகச் சுயவிவரத்தை ஏற்றும்படி ஆளைப் பேசி மயக்கித்தான் அதைச் சாதித்தார்கள். ஐபோன் விலை எல்லோருக்கும் எட்டாது என்பதால், எல்லோருக்கும் எட்டுகிற ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வூதியமோ நிரந்தர வைப்போ இருக்கும் முக்கியக் கணக்கைத் தனி எண்ணோடு இணைத்து, அந்த சிம்மைச் சாதாரணப் பட்டன் போனில் போட்டு வையுங்கள். ஏபிகே அதில் ஏறாது, ஓடிபியைக் கடத்த ஆளில்லை. அன்றாடச் செலவுக்கு வேறொரு கணக்கில் சில ஆயிரம் வைத்து, யுபிஐயை அதில் மட்டும் ஓட்டலாம். நான் அறிந்த பாதுகாப்பு ஏற்பாடுகளில் செலவுக்கும் பலனுக்கும் இதைப் போலப் பொருந்துவது வேறில்லை.

திருப்பூரிலோ கரூரிலோ ஒரு சிறு ஏற்றுமதி அலுவலகத்துக்குள் போனால், டேலி, மின்னஞ்சல், ஜிஎஸ்டி, வாட்ஸ்அப் வெப், வங்கி எல்லாம் கணக்குப்பிள்ளையின் ஒரே கணினியில் ஓடும். வெளிநாட்டிலிருந்து வரும் இன்வாய்ஸ் இணைப்புகளைத் திறப்பதும் அதே கணினியில்தான். அமெரிக்கச் சிறு நிறுவனங்களுக்கு 2009இல் சொன்ன அறிவுரை இந்த மேசைக்கு அப்படியே பொருந்தும். மூலையில் கிடக்கும் ஏழெட்டு வருடப் பழைய மடிக்கணினிக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, மின்ட்டையோ குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸையோ ஏற்றி, வங்கித் தளத்தைத் தவிர எதற்கும் திறக்காமல் வைத்தால் போதும். இன்னொன்றும் உண்டு. ஒருவர் உத்தரவைப் பதிய, மற்றவர் ஒப்புதல் தர வேண்டும் என்ற வசதியை வங்கிகள் நிறுவனக் கணக்குகளுக்குத் தருகின்றன. இரண்டு பேரும் ஒரே கணினியில் மாறி மாறி நுழைந்தால் அந்த வசதி இருந்தும் பயனில்லை. முதலாளி தன் ஒப்புதலை வேறொரு கருவியிலிருந்துதான் தர வேண்டும்.

எந்த இயங்குதளமும் தடுக்க முடியாத திருட்டும் உண்டு. 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி, மணிக்கணக்கில் வீடியோ அழைப்பில் பிடித்துவைத்து, உரியவரின் கையாலேயே பணத்தை அனுப்ப வைக்கிறார்கள். எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வுச் செயலிகளை நிறுவச் சொல்லி ஏமாற்றுவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பணம் போனது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைப்பதும் வங்கிக்கு எழுத்தில் தெரிவிப்பதும்தான் இதற்கு மருந்து. நேரம் இங்கே பணம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாத திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே கிடையாது. ஏழு நாள் வரை என்றால் இழப்புக்கு உச்சவரம்பு உண்டு. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது.

வங்கிகளின் பக்கமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. போலித் தளங்களைப் பிரித்தறிய, 2025 அக்டோபர் இறுதிக்குள் எல்லா வங்கிகளும் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. முகவரியின் முடிவைப் பார்த்தே ஒரு பொய்த் தளத்தை ஒதுக்கிவிடலாம் என்பது பாமரர்களுக்குப் பெரிய உதவி. என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியையும் 2025 ஏப்ரலுக்குள் தரச் சொன்னது. இது தவறான எண்ணைத் தட்டச்சு செய்வதிலிருந்து காப்பாற்றும். ஆனால் ஸியூஸ் வகை நிரல் உள்ளே இருக்கும் கணினியில் அந்தப் பெயரும் திரையில்தான் தெரியும். திரையையே மாற்றுபவனுக்குப் பெயரை மாற்றுவது பெரிய வேலையில்லை. உண்மை வேறொரு கருவியில் வந்து சேர வேண்டும். சில வங்கிகளின் ஓடிபி குறுஞ்செய்தியில் தொகை, பெறுபவர் பெயர், கணக்கின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் இருக்கின்றன. பட்டன் போனில் அதைப் படித்தவர் கணினி எவ்வளவு கெட்டிருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். சில வங்கிகள் வெறும் ஆறு இலக்கத்தை மட்டும் அனுப்புகின்றன. உங்கள் வங்கி எந்த வகை என்று இன்றைக்கே பழைய குறுஞ்செய்திகளைத் திறந்து பாருங்கள். இரண்டாவது வகையென்றால் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெறுபவரின் பெயரையும் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.